இடுப்பு, முழங்கால், கழுத்து வலி: பர்மாத் தமிழர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

யாங்கோனில் பிசியோதெரபி பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றைத் தாண்டி தன்லின் பக்கத்துக் கிராமங்களுக்கும் போய்வருவேன். நம் பெரியவர்கள் அந்த ஊரை இன்னும் சிரியம் என்றுதான் சொல்வார்கள். கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் இருபது பேர் வந்துவிடுகிறார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். பதிலில் ஆராய்ச்சிகள் சொல்வதும் இருக்கிறது, நம் வயலுக்கும் வீட்டுக்கும் அதில் எது பொருந்தும் என்ற என் கருத்தும் இருக்கிறது.

நடவு தொடங்கி மூணாவது நாளே இடுப்பு பிடிச்சுக்குதே, குனிஞ்சு வேலை செய்யறதாலதானே?

குனிவதை மட்டும் குற்றம் சொன்னால் பாதிப் பதில்தான் கிடைக்கும். இடுப்பு குனிவதற்காகவே அமைந்தது. எவ்வளவு நேரம் நிமிராமல் குனிந்திருந்தோம், நடவுக்கு முந்தின மாதங்களில் என்ன வேலை செய்தோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

போன ஆடியில் வரப்பில் உட்கார்ந்து ஓர் அக்கா நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருந்தார். இடது கையில் நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு. வலது கையால் மூன்று நான்கு நாற்றைப் பிரித்து, கட்டைவிரலால் சேற்றில் ஊன்றி, ஓர் எட்டு பின்னால் வைத்து மறுபடி ஊன்றினார். கடிகாரத்தைப் பார்த்தேன். 22 நிமிடம் அவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை. முடி தீர்ந்ததும் குனிந்தபடியே எட்டி அடுத்ததை எடுத்துக்கொண்டார்.

அப்போது உள்ளே என்ன நடக்கிறது? முழுதாகக் குனிந்ததும் முதுகுத் தசைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. தசைகளில் ஓடும் மின்சாரத்தை அளந்து ஃபிளாய்ட், சில்வர் என்ற இருவர் 1955-லேயே இதை விரிவாக எழுதினார்கள். தசை ஓய்ந்ததும் பாரம் முழுக்க எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் மேலும், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகள் மேலும் இறங்குகிறது. நாள்பட்ட கயிற்றுக் கட்டில் தொய்வதுபோல அவை மெல்ல மெல்லத் தொய்கின்றன. கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில்லும் பிரவுனும் ஆட்களை 20 நிமிடம் குனிந்தபடி உட்காரவைத்து, பிறகு நிமிரச் சொல்லி அளந்தார்கள். 1992-ல் வந்த அந்த ஆய்வில், நிமிர்ந்த 2 நிமிடத்தில் பழைய விறைப்பில் பாதி திரும்பிவிட்டது. மீதித் தொய்வு அரை மணி நேரம் கழித்தும் கொஞ்சம் இருந்தது.

இதில் நமக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, 2 நிமிடம் நிமிர்ந்து நின்றாலே பாதி லாபம். ஆகவே ஒவ்வொரு முடி தீரும்போதும் நிமிருங்கள். கையை இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் நாலைந்து தடவை வளையுங்கள். இரண்டாவது, நட்டு முடித்த கையோடு நாற்றுக் கட்டையோ உர மூட்டையையோ தூக்காதீர்கள். வரப்பில் ஏறி, தண்ணீர் குடித்து, பத்தடி நடந்துவிட்டுத் தூக்குங்கள். இடுப்பு பிடித்துக்கொண்டு என்னிடம் வருபவர்களிடம் எந்த நேரத்தில் பிடித்தது என்று கேட்டால், நடும்போது என்பவர்கள் குறைவு. நட்டு முடித்து எதையோ தூக்கும்போது என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

இனி முந்தின மாதங்கள். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் வீட்டு வேலையோடு இருந்துவிட்டு, ஆனி பிறந்ததும் ஒரே நாளில் எட்டு மணி நேரம் குனிகிறோம். இரண்டு மாதம் ஓடாத பந்தய வீரன் நேராகப் போட்டியில் இறங்குவதில்லை. நம் அம்மாக்களும் அக்காக்களும் வருஷாவருஷம் அப்படித்தான் இறங்குகிறார்கள். கூலி அன்றைக்கு அன்றைக்குக் கிடைக்கிறது என்பதால் முதல் நாளே பாதி வேளை போதும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். வயல் வேலைக்கு முன்பே தயாராவது பற்றிக் கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காம, முழங்காலை மடக்கித்தான் தூக்கணுமாமே?

எல்லாப் பாதுகாப்புச் சுவரொட்டியிலும் அந்தப் படம் இருக்கிறது. நானும் பல வருஷம் அதையே சொல்லிக்கொடுத்தேன். இப்போது சொல்வதில்லை. தூக்கும் முறை பற்றிப் பயிற்சி கொடுத்தால் முதுகுவலி குறைகிறதா என்று வந்த ஆய்வுகளையெல்லாம் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்துப் பார்த்தது. குறைந்ததாகத் தெரியவில்லை. முதுகு வளைந்த நிலையில் தூக்குவதுதான் முதுகுவலிக்குக் காரணம் என்பதற்கும், 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? எடையை. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நையோஷ் நிறுவனம், ஒருவர் எவ்வளவு தூக்கலாம் என்று போடும் கணக்கு, எல்லாம் சாதகமாக இருக்கும்போதே 23 கிலோவில் தொடங்குகிறது. பொருள் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், திரும்பாமல் தூக்க வேண்டும், பிடி சரியாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த 23 இன்னும் இறங்கும். நம் ஊர் அரிசி மூட்டை ஏறத்தாழ 49 கிலோ. இரண்டு மடங்குக்கு மேல். முழங்காலை எப்படி மடக்கினாலும் அந்த 49 குறையப்போவதில்லை.

ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் இரண்டு பேராகத் தூக்குங்கள். தரையிலிருந்து தூக்குவதைவிட இடுப்பு உயரத்துப் பலகையிலிருந்து தோளுக்கு மாற்றுங்கள். மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி உங்களுக்கு எது வசதியோ அப்படித் தூக்கலாம். கடையில் விற்கிற இடுப்பு பெல்ட் வலி வராமல் தடுக்கும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இடுப்பு பிடிச்சா எத்தனை நாள் படுத்திருக்கணும்?

படுக்க வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு என் சொந்தக் காரணமும் இருக்கிறது. நான் பள்ளியில் படிக்கும்போது என் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காட்டிய இடத்தில் மூன்று மாதம் பலகையில் படுக்கச் சொன்னார்கள். அப்பா சொன்னபடி கேட்டார். எழுந்தபோது இரண்டு தொடையும் என் கையளவுக்கு மெலிந்திருந்தன. அவர் மறுபடி வயலில் இறங்க ஒரு வருஷம் ஆனது. சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் அதுதான் வைத்தியம்.

ஆனால் 1986-லேயே அமெரிக்காவில் ரிச்சர்ட் டெயோ குழுவினர் 203 பேரைப் பார்த்து, 7 நாள் படுத்தவர்களைவிட 2 நாள் படுத்தவர்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை, வேலைக்குத்தான் சீக்கிரம் திரும்பினார்கள் என்று எழுதிவிட்டார்கள். 1995-ல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வலி தாங்குமளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள், படுத்தவர்களைவிட விரைவாகத் தேறினார்கள்.

எனவே முதல் ஓரிரு நாள் வலி உயிர் போவதுபோல் இருந்தால் ஒரு மணி நேரம் படுங்கள், எழுந்து வீட்டுக்குள் நடங்கள், மறுபடி படுங்கள். சமையல், குளியல், கடைக்குப் போவது எதையும் நிறுத்தாதீர்கள். புதிதாகப் பிடித்த இடுப்பு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும்.

எம்ஆர்ஐ எடுத்ததுல டிஸ்க் விலகியிருக்குன்னு வந்திருக்கு. இனிமே வயலுக்குப் போகலாமா?

அந்தக் காகிதத்தை நடுங்கும் கையோடு நீட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு போகத்து வருமானத்தைக் கொடுத்துப் பயத்தை வாங்கி வந்திருப்பார்கள்.

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய தொகுப்பாய்வு ஒன்று 2015-ல் வந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் முதுகு வலிக்கவில்லை. தலைமுடி நரைப்பதுபோல டிஸ்க்கும் நரைக்கிறது என்று நான் சொல்வதுண்டு. ஸ்கேனில் தெரிவதும் உங்கள் வலியும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டிருக்கலாம், சம்பந்தமில்லாமலும் இருக்கலாம். கால் மரத்துப்போகிறதா, பாதத்தைத் தூக்க முடிகிறதா, நடை மாறியிருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்துத்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் வயலுக்குப் போகலாம். முதல் வாரம் அரை நாள், பிறகு முக்கால் நாள், பிறகு முழு நாள்.

வலிக்குதுன்னா உள்ளே ஏதோ கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்?

அடிபட்ட முதல் நாட்களில் பெரும்பாலும் ஆமாம். மாதக்கணக்கில் நீடிக்கிற வலியில் அப்படிச் சொல்ல முடியாது. வலியை ஆராயும் உலகச் சங்கம் 2020-ல் தன் வரையறையைத் திருத்தியபோது, திசு சிதைந்திருந்தால் வரும் உணர்வு, அல்லது அதை ஒத்த உணர்வு என்று எழுதியது. சிதைவு இல்லாமலும் வலி வரும், அந்த வலியும் உண்மையானதே என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு வேதனையான சாட்சி உண்டு. 2023-ல் மட்டும் பர்மாவில் கண்ணிவெடிகளால் 1,003 பேர் உயிரிழந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அந்த வருஷம் உலகத்தில் வேறெந்த நாட்டிலும் அத்தனை இல்லை. பா-ஆன் போன்ற ஊர்களில் செயற்கைக் கால் பொருத்திக்கொள்ள வருபவர்களில் பலர், இல்லாத பாதம் எரிகிறது, இல்லாத விரல் மடங்கி வலிக்கிறது என்பார்கள். கால் இல்லை, வலி இருக்கிறது. அவர்கள் நடிக்கவில்லை. நரம்பு மண்டலம் அந்தக் காலை இன்னும் மறக்கவில்லை.

இடுப்புவலியிலும் சிறிய அளவில் இப்படி நடக்கிறது. பயம், தூக்கமின்மை, மகன் எங்கே இருக்கிறானோ என்ற கவலை எல்லாம் நரம்பின் காவலைக் கூட்டிவிடும். காவல் கூடினால் சின்ன அசைவுக்கும் வலி கத்தும். அதனால்தான் ஒரு அம்மாவின் முழங்காலைப் பார்ப்பதற்கு முன்னால், ராத்திரி தூங்கினீங்களாம்மா என்று கேட்கிறேன்.

கடையில குடுக்குற பொட்டல மாத்திரை ரெண்டு வேளை போட்டா வலி பறந்துடுது. அதையே போட்டுக்கலாமா?

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். பெயர் எழுதாமல் நாலைந்து மாத்திரைகளை ஒரே காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற பொட்டலத்தில் வலிநிவாரணி ஒன்றுக்கு இரண்டாக இருக்கலாம், கூடவே ஸ்டீராய்டும் இருக்கலாம். பறந்துபோன வலிக்குப் பின்னால் ஸ்டீராய்டு நிற்கிறதோ என்றுதான் எனக்குப் பயம். மாதக்கணக்கில் போட்டால் எலும்பு மெலிந்து நொறுங்கும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும். வலிநிவாரணிகளை ஓயாமல் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. மாதக்கணக்கில் போட்டவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பாராசிட்டமால்? ஆபத்து குறைவு, ஆனால் புது இடுப்புவலியில் பெரிதாக உதவாது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,650 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே வேகத்தில்தான் தேறினார்கள்.

எண்ணெய் தேய்ச்சு நீவிவிடலாமா?

தாராளமாக. நல்லெண்ணெயோ, தைலமோ, பர்மியக்காரர் மசாஜோ, உங்கள் விருப்பம். சில மணி நேரம், சில நாள் இதமாக இருக்கும். அந்த இதத்தில் எழுந்து நடந்தால் இன்னும் நல்லது. முதுகெலும்பில் ஏறி மிதிப்பதும் கழுத்தைச் சொடுக்குவதும் மட்டும் வேண்டாம்.

எந்த வலிக்கு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

மலம், சிறுநீர் போகிற இடத்தைச் சுற்றி மரத்துப்போனால், சிறுநீர் நின்றுபோனால் அல்லது தெரியாமல் போய்விட்டால், இரண்டு காலும் பலம் இழந்தால் அன்றைக்கே போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீழே விழுந்தபின் வரும் கடும் வலி, ஏற்கெனவே புற்றுநோய் வந்தவருக்கு வரும் புது வலி, பொட்டல மாத்திரையை நாள்பட்டுச் சாப்பிட்ட பெரியவர்களுக்குத் திடீரென வரும் முதுகுவலி, இவற்றுக்கும் தாமதம் கூடாது.

இன்னொன்றை நம் ஊரில் தனியாகச் சொல்லியாக வேண்டும். காசநோய் அதிகமுள்ள 30 நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் பர்மாவும் உண்டு. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்புக்கும் வரும். சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு மெலிவது, படுத்தாலும் குறையாத முதுகுவலி, முதுகில் ஓரிடத்தில் எலும்பு துருத்துவது எல்லாம் சேர்ந்து வந்தால் உடற்பயிற்சி கேட்டு என்னிடம் வராதீர்கள். எக்ஸ்ரேவும் இரத்தப் பரிசோதனையும் முதலில். மருந்தைச் சீக்கிரம் தொடங்கி முழுதாக முடித்தால் குணமாகும்.

முழங்கால் தேஞ்சுபோச்சுங்கறாங்க. டீக்கடை குட்டி ஸ்டூல்ல உட்கார்றது, குந்தி வேலை செய்யறதெல்லாம் விட்டுடணுமா?

பெய்ஜிங்கில் 60 வயது தாண்டியவர்களிடம், நீங்கள் 25 வயதில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குந்தி உட்கார்ந்தீர்கள் என்று கேட்டு, முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வந்த அந்த ஆய்வில், தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குந்தியவர்களிடம் மூட்டுத் தேய்மானம் கூடுதலாக இருந்தது. அரை மணி நேரம் டீ குடிப்பதை அதோடு சேர்க்க வேண்டாம். நண்பர்களோடு பேசிச் சிரிக்கிற அந்த அரை மணி உடம்புக்கும் நல்லது. குந்தி உட்கார்ந்து மீன் ஆய்வது, துணி துவைப்பது, களை பிடுங்குவது என்று மூன்று நான்கு மணி நேரம் போகிற வேலைக்குத்தான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வலிக்கிற முழங்காலுக்கு நான் கொடுப்பது ஒரே பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்காருவது. பத்துத் தடவை, தினம் இரண்டு வேளை. முடியாவிட்டால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பலன் தெரிய இரண்டு மாதமாகும், பலனும் நடுத்தரமாகத்தான் இருக்கும். எடை கூடியவர்களுக்கு இன்னொரு கணக்கு: 2005-ல் ஸ்டீபன் மெசியர் குழுவினர் அளந்தபடி, 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்கால் மேல் 4 கிலோ பாரம் குறைகிறது.

பையன் சின்லோன் ஆடறப்போ ஒரே கணுக்கால் மூணு தடவை சுளுக்கிக்கிச்சு. ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லலாமா?

நிறுத்தாதீர்கள். பிரம்புப் பந்தைக் கீழே விழவிடாமல் ஆறு பேர் வட்டமாக நின்று காலால் உயர்த்தும்போது, ஒற்றைக் காலில் நிற்கிற திறமைதான் முழு ஆட்டமும். சுளுக்கிய கணுக்கால் அந்தத் திறமையைத்தான் இழக்கிறது. வீக்கம் வடிந்து வலி போனதும் குணமாகிவிட்டது என்று பையன்கள் நேராக வட்டத்துக்குள் போய்விடுகிறார்கள்.

நெதர்லாந்தில் சுளுக்கு வந்த 522 விளையாட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு, வீட்டில் தானாகவே செய்கிற சமநிலைப் பயிற்சியை 8 வாரம் கொடுத்தார்கள். அடுத்த ஒரு வருஷத்தில் மறுசுளுக்கு மற்றவர்களைவிட 35 சதவீதம் குறைவு. கருவி எதுவும் தேவையில்லை. ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கச் சொல்லுங்கள். அது சுலபமானதும் கண்ணை மூடி, பிறகு மடித்த பாய் மேல் நின்று, கடைசியில் நீங்கள் பந்தைப் போட அவன் மற்றக் காலால் தட்டட்டும்.

கால்பந்து ஆடுகிற தம்பிகளும் இதே கேள்வியோடு வருகிறார்கள். ஃபிஃபா 11+ என்ற 20 நிமிடத் தயார்ப் பயிற்சி இருக்கிறது. ஓட்டம், தொடை பலம், சமநிலை மூன்றும் கலந்தது. தவறாமல் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வெறுமனே கைகாலை இழுத்து நீட்டுவதால் காயம் குறைவதாகத் தெரியவில்லை. 26,000-க்கும் அதிகமானோரைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வில் பலப்பயிற்சிதான் முதலிடத்தில் வந்தது.

லைங்தாயாவுல கார்மென்ட் ஃபேக்டரியில தைக்கிறேன் அண்ணே. கழுத்துலேர்ந்து தோள் வரைக்கும் கல்லு மாதிரி இருக்கு.

தங்கச்சி, உன் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. டென்மார்க்கில் கழுத்தும் தோளும் அடிக்கடி வலித்த 198 ஆபீஸ் ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு தினம் 2 நிமிடம், இன்னொரு பகுதியினருக்கு 12 நிமிடம் ரப்பர் பட்டையால் தோள் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் 5 நாள், 10 வாரம். இரண்டு நிமிடக்காரர்களுக்கும் வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, நடுவில் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு நுனியையும் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி மெதுவாக இறக்கு. களைக்கும்வரை, இரண்டு நிமிடம். வேலை நேரத்தில் எழ விடமாட்டார்கள் என்றால் தண்ணீர் குடிக்கப் போகும்போது செய்.

சர்க்கரை இருக்கு. ஆறு மாசமா தோளைத் தூக்கவே முடியலை, பின்னால் கை போகலை.

தோள் இறுகுவது சர்க்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. ஒன்றிலிருந்து மூன்று வருஷம்வரை எடுத்துப் பெரும்பாலும் தளரும். வலியை மீறி யாரும் இழுக்க விடாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், தினமும் சுவரில் விரல்களை நடத்திக் கையை மெல்ல மேலே ஏற்றுங்கள்.

அடுத்த நடவுக்கு முன்னாடி என்ன செய்யலாம்? காசு செலவில்லாம சொல்லுங்க.

நடங்கள். 2024-ல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்புவலி வந்து தேறிய 701 பேரில் ஒரு பகுதியினரை மெல்ல மெல்லக் கூட்டி, வாரம் 5 நாள் 30 நிமிடம் நடக்கும் இலக்கை நோக்கிக் கொண்டுபோனார்கள், கூடவே வலி பற்றி விளக்கமும் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது. ஒன்றும் செய்யாதவர்களுக்கு 112 நாள். நடவு முழுக்கத் தாண்டிவிடக்கூடிய இடைவெளி அது.

சித்திரையிலேயே தொடங்குங்கள். காலையில் வெயில் ஏறுமுன் பத்து நிமிடம், வாரத்துக்கு வாரம் ஐந்து நிமிடம் கூட்டி அரை மணிவரை. வைகாசி நடுவில் குனிகிற பயிற்சியையும் சேருங்கள். ஒரு வாளியில் கால்வாசித் தண்ணீர் எடுத்து, உங்களுக்கு வசதியான விதத்தில் குனிந்து தூக்கி வைப்பது, பத்துத் தடவை. அடுத்த வாரம் அரை வாளி, அதற்கடுத்த வாரம் முக்கால். நாற்றங்காலில் விதை போடும் நாளில் முழு வாளி எளிதாக வந்துவிடும். மறுநாள் தசையில் கொஞ்சம் நோவு இருக்கும், பர்மியக்காரர் ஞாங்தே என்பார்களே, அதுதான். இரண்டு நாளில் போய்விட்டால் அளவு சரி. மூன்றாம் நாளும் இருந்தால் ஒரு வாரம் பின்னால் போய், போன வாரத்து அளவிலேயே தூக்குங்கள்.